பதினாலு நிமிஷ நடை

விடியக்காலை அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கு. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னாடி ஒரு ரோடு... நீளமா, நேரா, ஒரு பக்கம் கீழ்வீட்டுக் கதவுங்க, இன்னொரு பக்கம் மதில் சுவரு. ஒரே ஒரு லைட்டு, அதுவும் எரியலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு எரியுது. ஒரு நாய்கூடக் கிடையாது. வெளிச்சம் படாத இடமாப் பார்த்து ஒரு சின்னக் காரு நிக்குது. உள்ள ஒரு ஆளு. மடியில கேமரா.

மொட்டை, அந்தக் கதவைச் சாத்து, சாரல் உள்ள அடிக்குது. எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்க. கரண்ட் வர்ற வரைக்கும் இந்த மழையில நான் கத்திக்கிட்டு இருக்க முடியாது. நடுவுல எவனாவது கேள்வி கேட்டான்னா போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துருவேன், இப்பவே சொல்லிட்டேன்.

அந்தக் காருல இருந்தவரு, நம்ம லிஃப்ட் ஓட்டுறவன் இருக்கான்ல, அவனோட தாய்மாமா. அவன் இன்னைக்கு லீவு, அதான் தைரியமா வாயைத் திறக்கிறேன். எங்கிட்டயே ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அதுவும் என் மூஞ்சியைப் பார்க்காம சுவரைப் பார்த்துக்கிட்டே சொன்னான்.

மாமாவுக்கு வேலை வேவு பாக்கிறது. போலீஸ் இல்ல. நம்மள மாதிரி ஒருத்தன் கட்டடத்துலேர்ந்து விழுந்துடறான்னு வைங்க. இடுப்பு போச்சு, காலு போச்சு, நஷ்டஈடு கொடுங்கன்னு வக்கீல் வச்சுக் கேஸ் போடுறான். கம்பெனிக்காரன் சும்மா விடுவானா? அவன் பக்கம் இன்சூரன்ஸ் இருக்கு, அவங்களுக்கும் ஒரு வக்கீல் இருக்காரு. அந்த வக்கீல் மாமாவைக் கூப்பிட்டு ஒரு ஃபைலை நீட்டுவாரு. "இந்த ஆளு நடக்க முடியாதுங்கிறான். நடக்கிறானா பாருங்க." அவ்வளவுதான். மாமா போயி அந்த வீட்டுக்கு எதிர்ல காரைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துருவாரு. கையே தூக்க முடியலைன்னு சொன்னவன் கொடியில துணி காயப்போடுவான். குனியவே முடியாதுன்னவன் பிள்ளையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டுப் போவான். மாமா எல்லாத்தையும் படம் பிடிச்சுக் கொண்டுபோய்க் கொடுத்துருவாரு. கேஸு படுத்துரும்.

மூஞ்சியைச் சுளிக்காதீங்கடா. அவரும் நம்ம ஆளுதான். பன்னெண்டு வருஷம் முன்னாடி ரெண்டாவது மாடிச் சாரத்துலேர்ந்து விழுந்தவரு. பலகையைக் கட்டாம சும்மா வச்சுட்டுப் போயிருக்கான் எவனோ. ஆஸ்பத்திரியில மயக்கம் தெளியறதுக்குள்ள ஒருத்தன் பேப்பரோட வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். இனிமே எதையும் கேட்க மாட்டேன்னு அதுல எழுதியிருந்துச்சாம். இவருக்கு அது தெரிய ஆறு மாசம் ஆச்சு. முட்டி மடங்காமப் போச்சு. சம்சாரம் ஒரு வருஷம் பார்த்தா... அப்புறம் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்னு போனவதான்.

அன்னையிலேர்ந்து மனுஷனுக்கு ஒரு எரிச்சல். விழுந்தவன் எவனுக்காவது நஷ்டஈடு கிடைக்கப் போகுதுன்னா வயிறு காந்தும். சாப்பாடு இறங்காது. கம்பெனி மேல கோவம் இல்ல, பாருங்க... விழுந்தவன் மேலதான். எனக்குக் கிடைக்காதது இவனுக்கு எதுக்கு? அதனாலயே அந்த வேலையில அவரை மிஞ்ச ஆளில்லையாம்.

சிரிக்காதீங்க. போன வருஷம் கட்டிங் மெஷின்ல விரலு போனவனுக்குக் கேஸு ஜெயிச்சப்போ இதே ரூம்ல உட்கார்ந்து என்ன பேசினோம்? எனக்குப் போயிருக்கக் கூடாதா அந்த விரலுன்னு சொன்னது யாரு? நான்தான். நீங்க எல்லாரும் தலையாட்டினீங்க.

சரி... அந்தத் தடவை வந்த ஃபைலு ஒரு சாரக்காரரோடது. சாரம் கட்டுறவரு, பதினாறு வருஷ சர்வீஸு. ஏழாவது மாடியில கைப்பிடிப் பைப்பை வேற எவனோ கழட்டிட்டுத் திரும்ப மாட்டாமப் போயிட்டான். இவரு அதுல சாய்ஞ்சாரு. கீழ அஞ்சாவது மாடி வலையில மாட்டி உசுரு தப்பிச்சுது. இடுப்புக்குக் கீழ உணர்வே இல்ல. தரைத்தளத்து வீடு, சம்சாரம் மட்டும்தான், பிள்ளைங்க இல்ல. கேஸு முடிய இன்னும் ரெண்டு வாரம். ஜெயிக்கிற கேஸுன்னு எல்லாருக்கும் தெரியும்.

மாமா எட்டு நாள் உட்கார்ந்தாரு. ஒண்ணும் கிடைக்கல. கிடைக்கலைங்கிறதை விட, பார்த்ததுதான் அவரைப் போட்டு வறுத்தெடுத்துச்சு. ஜன்னல் திரை பாதிதான் மூடும், உள்ள தெரியும். அந்தம்மா தினம் புருஷனுக்கு முகம் மழிச்சு விடுவாங்க. மழிச்சுட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாங்க, சொரசொரப்பு இருக்கான்னு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைப்பாங்க, முதுகுப் புண்ணு பெரிசாயிரக் கூடாதுன்னு. மாடி வீட்டுக்காரங்க குழம்பு கொண்டாந்து கொடுப்பாங்க. அவங்க வக்கீலே நேர்ல வந்து, கட்டில் பக்கத்துல முட்டி போட்டு உட்கார்ந்து பேசுறாரு.

நான் விழுந்தப்போ என் செருப்பைக்கூட எவனும் எடுத்துத் தரலையேன்னு நினைச்சாராம் மாமா. காருக்குள்ள தனியா உட்கார்ந்து பல்லைக் கடிச்சிருக்காரு. நஷ்டஈடுகூடப் பெரிசில்ல... அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்த கை இருக்கு பாருங்க. அதைத்தான் அவரால தாங்க முடியல.

ஒன்பதாம் நாள்தான் நான் சொன்ன நாள். அஞ்சுக்குப் பத்து.

தாழ்ப்பாள் சத்தம். க்ளிக்...

கதவு திறக்குது. ஒரு ஆளு வெளிய வர்றாரு. தலையில ஹெல்மெட், காலுல பூட்ஸு, இடுப்புல பெல்ட்டு, பெல்ட்டுல ரெண்டு கொக்கி, ஒரு ஸ்பானர். கதவை மெதுவாச் சாத்திட்டு, வேலைக்குப் போற ஆளு மாதிரி விறுவிறுன்னு நடக்க ஆரம்பிக்கிறாரு. பைப்பு சுமந்து சுமந்து ஒரு தோளு இறங்கிப்போன நடை. நூறு பேருல வந்தாலும் சாரக்காரன்னு சொல்லிரலாம்.

மாமாவுக்கு வந்ததே ஒரு சந்தோஷம். மாட்டுனடான்னு கேமராவை ஆன் பண்ணாரு.

லைட்டைப் போடாம காரை உருட்டிக்கிட்டே பின்னாடி போறாரு. ரோடு பூரா ஜல்லி. மாமாவோட டயரு நெரிக்கிற சத்தம் கேக்குது. ஆனா அந்தப் பூட்ஸு... சத்தமே இல்ல. ஸ்பானர் மட்டும் பெல்ட்டுல இடிச்சு ணிங்... ணிங்... ணிங். ஜன்னல் வழியா ஒரு வாடை வருது. துருவும் கிரீஸும் கலந்த வாடைன்னா நமக்குத் தெரியும், பரவாயில்ல. அதுக்கு அடியில இன்னொண்ணு. படுக்கையிலேயே கிடக்கிறவங்க ரூம்ல வருமே, பவுடரும் மருந்தும் சேர்ந்து... அது.

அந்த ஆளு நேரா போனது விழுந்த அதே பில்டிங்குக்கு. அஞ்சு நிமிஷ நடைதான், அந்தத் தெருவுலேர்ந்து பார்த்தாலே வீடுங்களுக்கு மேல சாரத்தோட நிக்கும். கேட்டு பூட்டியிருக்கு. மாமா காரை நிறுத்திட்டு நிமிர்ந்து பாக்கிறதுக்குள்ள ஆளு உள்ள நிக்கிறாரு. எப்படிப் போனாருன்னு கேட்காதீங்க. தகர வேலி இடுக்குல கேமராவை வச்சுப் பிடிக்கிறாரு மாமா.

ஏணி அடியில பச்சை அட்டை தொங்கும்ல... சாரத்தைச் சோதிச்சுட்டுக் கையெழுத்துப் போடுற அட்டை. அந்த ஆளு அதை எடுத்துப் பார்த்தாரு. பையிலேர்ந்து பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டாரு. அப்புறம் ஏறினாரு. ஒரு கொக்கி மேல... டக். இன்னொண்ணு... டக். ஒவ்வொரு இணைப்பையும் ஸ்பானரால தட்டித் தட்டிக் கேக்கிறாரு, இறுக்கமா இருக்கான்னு. ணங்... ணங்... ணங்... ஏழாவது மாடி வந்ததும் சத்தம் மாறுச்சு. டொக். தளர்ந்த இணைப்பு. அந்த இடத்துல நின்னுட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி... டொக்.

அப்புறம் கிழக்க லேசா வெளுத்துச்சு. மேல யாரும் இல்ல.

பதினாலு நிமிஷப் படம். மாமாவுக்கு அப்ப பயம் தோணவே இல்லையாம். எதிர்ப்பக்கமா இறங்கிப் போயிட்டான், வீட்டுக்குத் திரும்பி வருவான், அப்ப முகத்தைப் பிடிச்சுரலாம்னு வேகமா அந்தத் தெருவுக்கே ஓட்டிக்கிட்டு வர்றாரு. வந்து ஜன்னலைப் பார்க்கிறாரு. கட்டில்ல அவரு கிடக்காரு. அந்தம்மா முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுறாங்க.

அப்பதான் மாமா செய்யக் கூடாத ஒண்ணைச் செஞ்சாரு. அந்த வேலையில வீட்டுக்குள்ள காலே வைக்கக் கூடாது. இவரு போயி, காரு சூடாயிருச்சு, கொஞ்சம் தண்ணி வேணும்னு கதவைத் தட்டினாரு.

அந்தம்மா செம்புல தண்ணி கொண்டாந்தாங்க. கண்ணு சிவந்திருக்கு. "தூங்கலையாம்மா?"ன்னாரு மாமா.

"எங்கங்க தூங்கறது. நாலரையிலேர்ந்து இவரு முதுகைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். இப்பதான் வலி குறைஞ்சுது."

கட்டில்ல இருந்தவரு தலையைத் திருப்பிப் பார்த்தாரு. நல்ல மனுஷன் போல, வாங்கன்னு கூப்பிட்டிருக்காரு. "அஞ்சு மணி ஆனா போதுங்க... காலு ரெண்டும் வேலைக்குக் கிளம்புற மாதிரியே இருக்கு. பதினாறு வருஷப் பழக்கம்ல"ன்னு சிரிச்சாரு. அந்தம்மா சிரிக்கல.

மாமா செம்பை அப்படியே வாசல்ல வச்சுட்டு வந்துட்டாரு.

அன்னைக்கு ரூமுக்கு வந்து கேமராவைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. அழிக்கத்தான் நினைச்சாராம், சத்தியமா. விரலு பட்டன் மேல இருக்கு. தான் பார்த்தது அந்த ஆளு இல்லைன்னு அவருக்குத் தெரியும். நாலரையிலேர்ந்து அவரு அந்தக் கட்டில்லதான் கிடந்தாருன்னு தெரியும். அழிச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்... அந்த நேரம் பார்த்து அந்தம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. முதுகைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். விடிய விடிய ஒருத்தி ஒருத்தன் முதுகைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு... மாமாவுக்கு வயிறு மறுபடி காந்த ஆரம்பிச்சுது. அவனுக்கு அதுவும் வேணும், நஷ்டஈடும் வேணுமா? நான் என்ன பொய்யா சொல்றேன், கேமரா பார்த்ததைத்தானே கொடுக்கிறேன்?

கொண்டுபோய்க் கொடுத்துட்டாரு.

கோர்ட்டுக்கு அந்த மனுஷன் வரல, உட்கார முடியாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாரு. அந்தம்மா மட்டும் வந்திருந்தாங்க. மாமாவைச் சாட்சிக் கூண்டுல ஏத்தி, அவங்க வக்கீல் கேக்குறாரு. "அந்த வீட்டுக்குள்ள எப்பவாவது போனீங்களா?"

"இல்லைங்க."

சொல்லிட்டு அந்தம்மாவைப் பார்த்தாரு. செம்புல தண்ணி கொடுத்த கை. ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா மாமா கதை முடிஞ்சுது. அவங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள படத்தைப் போட்டுட்டாங்க.

பதினாலு நிமிஷமும் எல்லாரும் பார்த்தாங்க. முதுகு மட்டும்தான், ஒரு இடத்துலகூட முகம் இல்ல. அந்தம்மா மெதுவா எழுந்திருச்சு நின்னாங்க. வக்கீல் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுறாரு, அவங்க அவரைப் பார்க்கவே இல்ல.

"இன்னொரு தடவை போடுங்கய்யா"ன்னாங்க.

ஜட்ஜ் கேட்டாரு, "இது யாரும்மா?"

"என் வீட்டுக்காரருங்க."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. உங்க கேஸு இது."

"பதினாறு வருஷம் வாசல்ல நின்னு வழியனுப்பினவ நான். முதுகு எனக்குத் தெரியாதாங்கய்யா? நடக்கிறாரு பாருங்க..." அழுதுக்கிட்டே சொன்னாங்களாம். "எவ்வளவு நல்லா நடக்கிறாரு பாருங்க."

முடிஞ்சுது. டாக்டர் சர்டிஃபிகேட்டு ஒரு பக்கம் கிடக்கட்டும், பெண்டாட்டியே சொல்லிட்டாளே. கேஸு தள்ளுபடி.

இன்சூரன்ஸ் வக்கீல் மாமா தோளைத் தட்டிக் கொடுத்தாரு. மாமாவுக்கு ஜெயிச்ச மாதிரியே இல்ல. வீட்டுக்கு வந்து படுத்தா அந்தம்மா ஸ்க்ரீனைப் பார்த்த பார்வைதான் வருது. அவன் எல்லாத்தையும் தோத்துட்டான், அப்பவும் அவனுக்குத்தான் அந்தப் பார்வை கிடைக்குது. இத்தனை வருஷத்துல என் முதுகை ஒருத்தியாவது அப்படிப் பார்த்திருப்பாளா?

மூணாம் நாளு மனுஷனுக்கு இருப்புக் கொள்ளல. ஃபைலு இல்ல, வேலை இல்ல, கூப்பிட ஆளில்ல. ஆனாலும் விடியக்காலை எழுந்து காரை எடுத்துக்கிட்டு அதே ரோட்டுக்குப் போயிட்டாரு. என்னத்தைப் பார்க்கப் போனாருன்னு அவருக்கே தெரியாது. பழக்க தோஷம், கேமராவும் மடியில இருக்கு. ஆன் பண்ணிட்டாரு.

அஞ்சுக்குப் பத்து. க்ளிக்...

கதவு திறந்துச்சு. ஹெல்மெட், பூட்ஸு, பெல்ட்டு. அதே ஆளு. இந்தத் தடவை கதவு மூடல. பின்னாடியே அந்தம்மா வர்றாங்க. தலை சீவி, நல்ல துணி உடுத்தி, கையில சாப்பாட்டுத் தூக்கு. வெளிய வந்து கதவைப் பூட்டுறாங்க. உள்ள அந்த மனுஷன் கிடக்காரு... பூட்டிச் சாவியை ஜன்னல் கட்டையில வச்சுட்டு வர்றாங்க.

ரெண்டு பேரும் ரோட்டுல நடந்து வர்றாங்க. அது முன்னால, அந்தம்மா அரை அடி பின்னால. அந்தம்மா ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க. அது பதில் சொல்லுதான்னு கேக்கல. காருகிட்ட வந்ததும் அது நிக்காமப் போயிட்டே இருக்கு. மாமா குனிஞ்சுட்டாரு, முகத்தைப் பார்க்கத் துணிவு வரல. அந்தம்மா மட்டும் நின்னு, ஜன்னல்கிட்டக் குனிஞ்சாங்க.

"நீங்க காட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க"ன்னாங்க. "ரொம்ப நல்லா இருப்பீங்க."

நிஜமாவே வாழ்த்தினாங்க. குத்தல் இல்ல. அப்புறம் ஓட்டமும் நடையுமாப் போயி அதோட சேர்ந்துக்கிட்டாங்க.

வீட்டுக்குள்ளேர்ந்து சத்தம் வருது. சன்னமா. "யாராவது இருக்கீங்களா..."

மாமா சாவியை எடுத்துத் திறந்துக்கிட்டுப் போனாரு. அந்த மனுஷன் சுவரைப் பார்க்கத் திரும்பிக் கிடக்காரு. தானாத் திரும்ப முடியாதுல்ல. தாடி மூணு நாளு வளர்ந்திருக்கு. புண்ணு வாடை. மாமா மடங்காத முட்டியோட கட்டில்ல ஒண்டி, அவரை மெதுவாத் திருப்பிப் படுக்க வச்சாரு. வாழ்க்கையில முதல் தடவை ஒருத்தனைத் திருப்பிப் போட்டாராம். அவ்வளவு கனம் இருக்கும்னு நினைக்கலையாம்.

அவரு மாமாவைப் பார்த்தாரு. தண்ணி கேட்டு வந்த ஆளுன்னு தெரிஞ்சுக்கிட்டாரு. கேமராவையும் பார்த்தாரு. எல்லாம் புரிஞ்சிருக்கும். கேஸைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.

"அவ சிரிச்சாளாங்க?"ன்னாரு.

"இல்லைங்க"ன்னாரு மாமா.

"பொய் சொல்லாதீங்க. எனக்குக் கேட்டுச்சு." மூச்சு வாங்குது அவருக்கு. "நான் விழுந்ததுலேர்ந்து ஒரு நாள் எங்கிட்ட சிரிக்கல. எல்லாம் செஞ்சா, பார்த்துப் பார்த்துச் செஞ்சா. சிரிக்கல. கோர்ட்டுலேர்ந்து வந்தவ, நீ எழுந்து போறதை நான் பார்த்தேன், எங்கிட்ட மட்டும் எதுக்கு நடிக்கிறேன்னு கேட்டா. மூணு நாளா என் பக்கத்துல வரல. கட்டில்ல கிடக்கிறது பொய்யி, நடந்து போறதுதான் நானாம்... என் நடையை நினைச்சா எனக்கே எரியுதுங்க. காட்டுங்க. எப்படித்தான் நடக்கிறேன்னு நானும் பார்க்கிறேன்."

மாமா அஞ்சு நிமிஷம் முன்னாடி எடுத்ததைப் போட்டு, கேமராவை அவரு முகத்துக்கு நேராப் பிடிச்சாரு.

அவரு பார்த்தாரு. கண்ணு இமைக்கல. கதவு திறக்குது, ஆளு வருது, அந்தம்மா வர்றாங்க, சாவியை வைக்கிறாங்க. காருகிட்ட வர்ற வரைக்கும் பார்த்தாரு. மறுபடியும் போடச் சொன்னாரு. ரெண்டாம் தடவை பார்க்கும்போது அவரு முகத்துல இருந்த எரிச்சல் எல்லாம் இறங்கிப் போச்சாம். வேற ஒண்ணு வந்துச்சு.

"நான் பைப்பை வலது தோள்ல வைக்கிறவன்ங்க"ன்னாரு. "பதினாறு வருஷமும் வலதுதான். இதுக்கு இடது இறங்கியிருக்கு."

மாமா ஸ்க்ரீனைத் திருப்பிப் பார்த்தாரு.

"இது நான் இல்ல. யாருங்க இது? யாருகூடங்க போறா அவ?"

மாமா காலை இழுத்துக்கிட்டு வெளிய ஓடினாரு. ரோடு காலியா கிடக்கு. நீளமா, நேரா... ஒளிஞ்சுக்க ஒரு இடம் கிடையாது. அந்தம்மா சிரிப்பு மட்டும் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. எந்தப் பக்கம்னு தெரியாம அப்படியே நின்னு காது கொடுத்துக் கேட்டாரு.

மேலேர்ந்து வந்துச்சாம்... அந்த ஏழாவது மாடிச் சாரத்துலேர்ந்து.